மெலிந்த அலைக்கு எந்த சர்ஃப் போர்டு? உவரி, மணப்பாடு பக்கம் போகிறவர்களுக்கு

பாளையங்கோட்டையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் சர்ஃபிங் பழகியவர், இப்போது வேலை மாறி ஊரோடு வந்துவிட்டார். எடை 78 கிலோ. தெரிந்தவரிடம் ஆறடி நீளத்தில், அடியில் மூன்று ஃபின், அதாவது மீன் துடுப்பு மாதிரித் தகடு, உள்ள பழைய போர்டு ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் உவரிக்கும் மணப்பாட்டுக்கும் கொண்டுபோகிறார். பெரும்பாலான நாளில் அலை முழங்காலுக்கு மேல், இடுப்புக்குக் கீழ். எவ்வளவு வேகமாகக் கைபோட்டு பேடில் பண்ணினாலும் அலை அடியில் நழுவிப் போய்விடுகிறதாம். “சின்ன அலைக்கு ஃபிஷ் போர்டு நல்லது என்கிறார்கள், அதை வாங்கவா? இல்லை லாங்போர்டா? எட்டடி ஃபோம் போர்டுக்கே திரும்பிப் போனால், பழகினதெல்லாம் வீணாகிவிடாதா?” இதுதான் கேள்வி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழரை அடியில் இருந்து எட்டடி வரை நீளமும், 22 அங்குலத்துக்குக் குறையாத அகலமும், தட்டையான அடிப்பாகமும் உள்ள போர்டை வாங்குங்கள். மீன்வால் வைத்த குட்டைப் போர்டான ஃபிஷ் அடுத்த வருடம் வாங்கலாம். பழகினது எதுவும் வீணாகாது. சொல்லப்போனால், அந்த ஆறடி போர்டோடு மல்லுக்கட்டுவதில்தான் உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் வீணாகின்றன. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு நம்ம கடலில் இருந்து தொடங்க வேண்டும்.

கன்னியாகுமரியில் இருந்து திருச்செந்தூர் வரை கரை வடகிழக்காக ஓடுகிறது. கடல் தென்கிழக்கைப் பார்த்துக் கிடக்கிறது. கிழக்கே இலங்கை குறுக்கே நிற்பதால், கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் நீங்கள் பார்த்த வங்காள விரிகுடா அலை இங்கே வந்து சேராது. மேற்கே, ஆனி ஆடியில் கேரளக் கரையைப் போட்டு அடிக்கிற அரபிக்கடல் அலையைக் குமரிமுனை பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. மிச்சம் இருப்பது தெற்கு வாசல் ஒன்றுதான். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அண்டார்டிகாவுக்கு வடக்கே அடிக்கும் புயல்களில் பிறந்த அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து இங்கே வருகின்றன. அவையும் கரைக்கு நேராக மோதுவதில்லை, சாய்ந்து வந்து, ஆழம் குறையக் குறைய வளைந்து திரும்பி, அந்தத் திருப்பத்திலேயே பாதித் தெம்பை விட்டுவிடுகின்றன. திருச்செந்தூரைத் தாண்டி வடக்கே தூத்துக்குடிப் பக்கம் போனால் மன்னார் வளைகுடாவின் தீவுகளும் பவளப்பாறைகளும் சேர்ந்து கடலைக் குளமாக்கிவிடும். ஆக, சர்ஃபிங் என்று பார்த்தால் நம்ம கரை பெரிய அலைக்கான கரை கிடையாது. நல்ல தெற்கத்தி அலை சித்திரையில் இருந்து புரட்டாசி வரை அவ்வப்போது வரும். அதுவும் பல நாளில் இடுப்பளவுதான். இதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். இதற்கு ஏற்ற போர்டு கையில் இருந்தால், இந்தக் கரையில் வருடத்துக்குப் பாதி நாள் சந்தோஷமாகச் சவாரி பண்ணலாம்.

அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். உயரம் பாதியானால் ஆற்றல் கால்வாசியாகிவிடும். தோள் உயர அலையும் அதில் பாதி உயர அலையும் கரையில் இருந்து பார்க்கும்போது கொஞ்சம்தான் வித்தியாசமாகத் தெரியும். போர்டின் மேல் படுத்திருப்பவருக்குக் கிடைக்கிற தள்ளலோ நான்கில் ஒரு பங்கு. இதோடு இரண்டு அலைக்கு இடைப்பட்ட நேரத்தையும் பார்க்க வேண்டும். ஒன்று உடைந்து அடுத்தது உடைய 14 விநாடி எடுக்கிற அலை, இடுப்பளவு இருந்தாலும் அழுத்தித் தள்ளும். உள்ளூர்க் காற்று கிளப்பிவிட்ட, ஆறேழு விநாடிக்கு ஒன்றாக வருகிற அலை அதே உயரத்தில் இருந்தாலும் சவசவ என்று கிடக்கும். கரையில் நின்று கைக்கடிகாரத்தில் எண்ணிப் பாருங்கள், இறங்குவதற்கு முன்னாலேயே அன்றைய கடலின் குணம் தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் ஆறடி போர்டைப் பார்ப்போம். நீங்கள் சொன்ன அளவுக்கு அதன் கனஅளவு 28, 29 லிட்டர்தான் இருக்கும். அலை பின்னால் வருகிறது, நீங்கள் கைபோடுகிறீர்கள். உங்கள் எடைக்கு அந்தப் போர்டு நெஞ்சுக்குக் கீழே தண்ணீருக்குள் அமிழ்ந்துதான் கிடக்கிறது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதற்குப் பதிலாக தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிறீர்கள். அலை வாலைத் தூக்குகிறது. தூக்கின உடனே போர்டு வழுக்கத் தொடங்க வேண்டும். ஆனால் இதன் மூக்கு வளைந்து மேலே நிற்பதால், வளைவு தண்ணீரை முட்டித் தள்ளுகிறது. வழுக்கல் தொடங்குவதற்குள் அலையின் முதுகு உங்கள் இடுப்பைத் தாண்டிவிடுகிறது. அப்புறம் வால் சப்பென்று அமுங்கி, மூக்கு வானத்தைப் பார்க்கிறது. அலை உங்களை விட்டுவிட்டுக் கரைக்குப் போகிறது. உங்கள் கைபலத்தில் குறை இல்லை, தம்பி. அந்தப் போர்டை வடிவமைத்தவர் மனதில் இருந்தது வேறு கடல். அலையே செங்குத்தாக எழுந்து, விழுகிற வேகத்தைத் தானே கொடுக்கிற இடத்துக்குச் செய்தது அது. அங்கே அந்த மூக்கு வளைவு இல்லையென்றால் போர்டு தலைகுப்புறக் குத்திக்கொள்ளும். இங்கே அதே வளைவு பிரேக்காக வேலை செய்கிறது.

மெலிந்த அலை வேகம் கொடுக்காது, கொஞ்சம் தள்ளும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்தை வீணாக்காமல் வாங்கிக்கொள்கிற போர்டுதான் நமக்கு வேண்டும். ஓட்டாஞ்சில்லைக் குளத்தில் தத்தவிடும்போது, தட்டையாக அகலமாக இருக்கிற சில்லு மெதுவாக எறிந்தாலும் தண்ணீர்மேல் நாலு தத்து தத்தும். சர்ஃப் போர்டுக்கும் கணக்கு அதேதான். பரப்பு கூடினால், குறைந்த வேகத்திலேயே தண்ணீர் மேல் ஏறி வழுக்க ஆரம்பித்துவிடும். நீளம் கூடினால், வழுக்குவதற்கு முன்னால் கைபோட்டு நகரும்போதே வேகம் கூடும்.

கடைக்காரர்கள் எடுத்த எடுப்பில் லிட்டர் கணக்கைத்தான் பேசுவார்கள். லிட்டர் முக்கியம்தான். உங்கள் நிலைக்கு, கிலோவுக்கு முக்கால் லிட்டருக்குக் குறையாமல், அதாவது சுமார் 60 லிட்டர் இருந்தால் நிம்மதி. ஆனால் என் பார்வையில் லிட்டரைவிட முதலில் பார்க்க வேண்டியது அடிவளைவு. ராக்கர் என்பார்கள். ஒரே 45 லிட்டரில், வாழைக்காய் மாதிரி வளைந்த போர்டும் வரும், பலகை மாதிரி தட்டையான போர்டும் வரும். முதலாவது நம்ம கடலில் நகராது. இரண்டாவது ஓடும்.

ராக்கரைப் பார்க்கத் தெரிந்துகொள்வது கஷ்டம் இல்லை. போர்டைக் கவிழ்த்து, ஃபின்களைக் கழற்றிவிட்டு, இரண்டு பழைய தலையணை மேல் அடிப்பாகம் வானத்தைப் பார்க்கிற மாதிரி வையுங்கள். கொத்தனார் வைத்திருக்கிற அலுமினிய மட்டக்கட்டை ஒன்று, ஏழெட்டு அடி நீளத்தில் கிடைத்தால் நல்லது. அதை நடு எலும்பு, அதாவது போர்டின் நடுக்கோடு, நெடுக வைத்து, போர்டின் நடுப்புள்ளியில் சரியாகத் தொடுகிற மாதிரி பிடியுங்கள். மூக்கு நுனிக்கும் மட்டக்கட்டைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். உங்கள் ஆறடி போர்டில் அது ஐந்து அங்குலத்தைத் தொடும் என்று நினைக்கிறேன். வால் பக்கம் இரண்டேகால், இரண்டரை இருக்கும். சின்ன அலைக்குச் செய்த குட்டைப் போர்டு என்றால் மூக்கில் நான்கு, நாலேகால். பழைய பாணி ஃபிஷ் என்றால் அதைவிடக் குறைவு, வாலில் இரண்டு அங்குலமோ அதற்கும் கீழோ. வால் பக்கத்து இடைவெளியை யாரும் பெரும்பாலும் பார்ப்பதில்லை. நின்றபிறகு வேகம் தங்குகிறதா போகிறதா என்பதை அதுதான் முடிவு செய்கிறது. மூக்கில் கொஞ்சம் வளைவு இருந்துவிட்டுப் போகட்டும், வால் தட்டையாக இருக்க வேண்டும். இந்த மட்டக்கட்டைப் பரிசோதனையைப் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம், விற்பவரும் மறுக்க மாட்டார். பழைய போர்டு வாங்கப் போகிற யாருக்கும் நான் சொல்கிற முதல் வேலை இதுதான்.

அடுத்தது அகலம். நடு அகலத்தை எல்லோரும் சொல்வார்கள். அதோடு வால் நுனியில் இருந்து ஒரு அடி மேலே உள்ள அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். உங்கள் பின்னங்கால் நிற்கிற இடம் அது. உங்கள் போர்டில் அங்கே பதினாலரை அங்குலம் போல இருக்கும். சின்ன அலைக்குப் பதினைந்தரை, பதினாறு வேண்டும். வால் அகலமாக இருந்தால் பின்னங்காலை ஊன்றினாலும் போர்டு அமுங்காது.

ஃபின் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். மூன்று ஃபின் வடிவத்தை ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் 1980-இல் உருவாக்கி, அடுத்த ஆண்டு பெல்ஸ் பீச் போட்டியில் ஜெயித்துக் காட்டினார், அதில் இருந்து உலகமே அதற்கு மாறிவிட்டது. ஆனால் நடு ஃபின் பிடிப்பைக் கொடுக்கிற அளவுக்கு இழுவையையும் கொடுக்கும். அதே காலத்தில் மார்க் ரிச்சர்ட்ஸ் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு உலகப் பட்டங்களை வென்றது பெரும்பாலும் இரட்டை ஃபின் போர்டில். மெலிந்த அலையில் இரட்டை ஃபின் வழுக்கிக்கொண்டு ஓடும். எட்டடி போர்டுக்கு நடுவில் ஒரு பெரிய ஃபினே போதும். சிலதில் அதோடு பக்கத்துக்கு ஒரு சின்ன ஃபின் வரும், இடுப்பளவுக்குக் குறைந்த நாளில் அந்தச் சின்னதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

சரி, எந்த வகை? ஃபிஷ் போர்டு சின்ன அலைக்கு நல்லது என்பது உண்மைதான். 1967-இல் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் ஸ்டீவ் லிஸ் என்ற இளைஞர், முழங்காலில் இருந்து ஓட்டுவதற்காகச் செய்தது அது. குட்டை, அகலம், தட்டை, மீன்வால். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஃபிஷ் நின்றபிறகுதான் தன் வேலையைக் காட்டும். உங்கள் கஷ்டம் நிற்பதற்கு முன்னால் இருக்கிறது. 5 அடி 10 அங்குலம், 21 அங்குல அகலம் என்று எடுத்தாலும் 35, 36 லிட்டர்தான் வரும். இப்போது இருப்பதைவிடக் கட்டாயம் நன்றாக இருக்கும், ஆனால் முழங்கால் அலையில் இன்னும் தவறவிட்டுக்கொண்டுதான் இருப்பீர்கள். அலை எங்கே எழும், எப்போது திரும்ப வேண்டும் என்று கண் பழகினவர்களுக்கு ஃபிஷ் பெரிய சந்தோஷம். அந்தக் கண் பழக நிறைய அலை பிடிக்க வேண்டும், நிறைய அலை பிடிக்க நீளமான போர்டு வேண்டும். அதனால்தான் அடுத்த வருடம் என்றேன்.

ஒன்பதடி லாங்போர்டுதான் இந்தக் கரைக்கு உண்மையான ராஜா. கணுக்கால் அலையில்கூட ஓடும். அலை எழுந்து நிற்கும் முன்னாலேயே, வெறும் மேடாக இருக்கும்போதே வழுக்கத் தொடங்கிவிடும். அதை நான் உங்களுக்கு முதலில் சொல்லாததற்கு ஒரே காரணம், நீங்கள் அதை எப்படி உவரிக்குக் கொண்டுபோவீர்கள் என்பதுதான். உங்களிடம் இருப்பது பைக்கும், எப்போதாவது கிடைக்கிற அண்ணனுடைய ஆம்னி வேனும். ஒன்பதடி போர்டோடு திசையன்விளை பஸ்ஸில் ஏற முடியாது. ஆம்னியின் கூரையில் கட்டினால் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு நிற்கும், நாங்குநேரி தாண்டினால் குறுக்குக் காற்று அதைப் பிடித்து ஆட்டும். வாகன வசதி வந்த அன்றைக்கு லாங்போர்டு வாங்குங்கள். அதுவரை எட்டடி சரியாக வரும்.

எட்டடியில் இரண்டு தேர்வு இருக்கிறது. ஒன்று ஃபோம் போர்டு. நீங்கள் கோவளத்தில் பழகினது அதுவாகத்தான் இருக்கும். எட்டடி, இருபத்திரண்டரை அங்குலம், மூணேகால் அங்குலப் பருமன் என்றால் 80 லிட்டருக்கு மேல் வரும். 78 கிலோவுக்கு அது தாராளம். மேலே மெத்தென்று இருப்பதால் உங்கள் தாடையிலோ அடுத்தவர் தலையிலோ இடித்தாலும் பெரிய காயம் ஆகாது. இன்னொன்று, கண்ணாடி நார் போர்த்திய மினி மாலிபு வகை. 55 முதல் 65 லிட்டர். ஃபோமைவிட நன்றாகத் திரும்பும், பக்கவாட்டு விளிம்பு அலையைக் கவ்விப் பிடிக்கும். நீங்கள் ஏற்கனவே எழுந்து நின்று பழகிவிட்டீர்கள் என்பதால், நல்ல நிலையில் கிடைத்தால் மினி மாலிபுவுக்கே என் ஓட்டு. வீட்டுப் பிள்ளைகளும் அதே போர்டில் பழகப் போகிறார்கள் என்றால் ஃபோம் வாங்குங்கள்.

எட்டடி போர்டில் பழையபடி கற்றுக்குட்டியாகத் தெரிவோமோ என்ற கூச்சத்தை விட்டுவிடுங்கள். இந்தக் கரையில் கட்டுமரத்தை உடைகிற அலைக்குள் இறக்கி ஏற்றினவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாலைந்து மரத்தைக் கயிற்றால் கட்டி, முன்பக்கம் மட்டும் லேசாக மேலே தூக்கி, மற்றபடி தட்டையாகச் செய்த மிதவை அது. கரைக்கு வரும்போது பின்னால் எழுகிற அலையைக் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, சரியான நேரத்தில் துடுப்பை நாலு வலி வலித்து, அலையின் முகத்திலேயே சறுக்கிக் கரையேறுவார்கள். நீளம், தட்டை, மூக்கில் கொஞ்சம் தூக்கல். நான் மேலே சொன்ன மூன்றும் அதில் இருக்கிறது. ஃபைபர் படகு வந்தபிறகு கட்டுமரம் குறைந்துவிட்டது, ஆனாலும் கரையில் உட்கார்ந்திருக்கிற வயதான ஒருவரிடம் போய், இன்றைக்கு அலை எங்கே நீளமாக உடையும் என்று கேட்டுப் பாருங்கள். எந்தச் செயலியும் அவ்வளவு சரியாகச் சொல்லாது.

இனி கச்சான், அதாவது மேற்கில் இருந்து அடிக்கிற காற்று. இதைப் படித்தபிறகே போர்டுக்குப் பணம் கொடுங்கள், ஏனென்றால் வெளியூர்க் காணொளிகள் இதைப் பற்றிச் சொல்லாது. வைகாசிக் கடைசியில் இருந்து புரட்டாசி வரை, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று பிய்த்துக்கொண்டு வரும். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று, ராதாபுரம், திசையன்விளை தேரி மணலையும் வாரிக்கொண்டு உவரிப் பக்கம் கரையில் இருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையில் இருந்து கடலுக்குப் போகிற காற்று அலையின் முகத்தைச் சீவி, உடைவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, அழகாக நிற்கவைக்கும். சர்ஃபிங் தெரிந்தவர்கள் ஏங்குகிற காற்று அது. ஆனால் கச்சான் அளவு தெரியாத காற்று. அகலமான, எடை குறைந்த போர்டின் மூக்கு அலை உச்சியில் வெளியே நீட்டும்போது காற்று அடியில் புகுந்து அப்படியே தூக்கிப் போடும். அகலமும் தட்டையும் வேண்டும் என்று சொன்ன நானே சொல்கிறேன், பகல் ஏறின கச்சானில் ஃபோம் போர்டு ஒரு பாய்மரம்தான்.

அதனால் இரண்டு காரியம். ஒன்று, வருடம் முழுக்க ஒரே போர்டை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் ரொம்பவும் எடை குறைந்ததாகத் தேடாதீர்கள். கொஞ்சம் கனமான பாலியூரித்தேன் போர்டு காற்றை அறுத்துக்கொண்டு இறங்கும், மெலிந்த அலையில் தொடங்கின ஓட்டமும் சீக்கிரம் அறாது. இரண்டாவது உயிர் சம்பந்தப்பட்டது. கச்சான் உங்களைக் கடலுக்குள் தள்ளும். கரைக்கு அருகில் தண்ணீர் வழவழ என்று அமைதியாகத் தெரியும், அதை நம்பி வெளியே போனால் திரும்பி வருவது முழுக்க எதிர்காற்றுப் பேடில். ஆனி, ஆடி, ஆவணியில் விடியற்காலை காற்று எழும் முன் இறங்கி, வெயில் ஏறும் முன் கரைக்கு வந்துவிடுங்கள். கயிறு, அதாவது லீஷ், போர்டின் நீளத்துக்கு இருக்க வேண்டும், பழசாகிப் பிளந்திருந்தால் அன்றே மாற்றுங்கள். போர்டு கையை விட்டுப் போனால் கச்சான் அதை நீங்கள் நீந்திப் பிடிக்க விடாது.

இன்னொரு எச்சரிக்கையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். காற்றே இல்லாத நாளில் திடீரென்று பெரிய தெற்கத்தி அலை கரையேறுவதைக் கள்ளக்கடல் என்பார்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. 2024 மே மாதம் அப்படி எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான் குமரி மாவட்டத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். போகும் முன் அந்த அறிவிப்பைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் அன்றைக்குப் போர்டு வீட்டிலேயே இருக்கட்டும்.

போர்டு எதனால் செய்தது என்பது நம்ம ஊரில் இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். அடிபட்டால் யார் சரிசெய்வார்கள்? சர்ஃப் போர்டு பழுதுபார்க்கிற கடையைத் தேடி அலைய வேண்டாம், கூத்தங்குழியில் இருந்து பெரியதாழை வரை கடற்கரை ஊர்களில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப்போடத் தெரிந்தவர்கள் கிடைப்பார்கள். கை பழகின நல்ல வேலைக்காரர்கள். ஆனால் அவர்கள் பெரும்பாலும் வைத்திருப்பது பாலியெஸ்டர் ரெசின். பாலியூரித்தேன் போர்டுக்கு அது அச்சாகப் பொருந்தும். எப்பாக்ஸி போர்டுக்குள் இருப்பதோ நம்ம தெர்மாகோல் இனம். அதன் மேல் பாலியெஸ்டர் ரெசின் பட்டால், அதில் இருக்கிற ஸ்டைரீன் உள்ளே இருப்பதைக் கரைத்துத் தின்றுவிடும். சின்ன ஓட்டையை அடைக்கப் போய், உள்ளே ஒரு கை போகிற அளவுக்குக் குழி விழும். அடிபட்ட இடத்தில் உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும். குருணை குருணையாக வெள்ளை மணிகள் தெரிந்தால் தெர்மாகோல் இனம், எப்பாக்ஸி ரெசின் மட்டும்தான். தூள்தூளாக, லேசான மஞ்சளில், மணி தெரியாமல் இருந்தால் பாலியூரித்தேன், படகு ரெசின் போதும். சந்தேகம் இருந்தால் எப்பாக்ஸி போடச் சொல்லுங்கள், அது இரண்டுக்கும் ஆகும். இந்த ஒரு காரணத்துக்காகவும் பாலியூரித்தேனுக்கு என் பக்கம் ஒரு மதிப்பெண் கூடுதல்.

பழைய போர்டு வாங்கும்போது மட்டக்கட்டை பார்த்த பிறகு, மேல்பக்கம் முழுக்கக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். எங்காவது பொதுக்கென்று அமுங்கி மேலே வந்தால், மேல்தோல் உள்ளிருந்து பிரிந்துவிட்டது என்று அர்த்தம், வாங்காதீர்கள். குறுக்கே கோடு மாதிரி மடிப்பு இருந்தால் ஒரு தடவை பாதி முறிந்த போர்டு. ஃபின் பொருத்துகிற இடத்தைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். போர்டைத் தூக்கிச் செங்குத்தாகப் பத்து நிமிடம் நிறுத்திவைத்து, வால் பக்க வெடிப்பில் இருந்து தண்ணீர் கசிகிறதா பாருங்கள், அளவுக்கு மீறிக் கனத்தாலும் உள்ளே தண்ணீர் குடித்திருக்கும். மஞ்சள் நிறத்துக்குப் பயப்பட வேண்டாம், அது வெயில் வேலை.

வெயில் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்தின வண்டிக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும். அதற்குள் தெர்மாகோல் இனப் போர்டை வைத்தால் உள்ளே வாயு விரிந்து தோல் கொப்பளிக்கும், ஃபோம் போர்டு என்றால் அடித்தகடு உரிந்து வரும். கடலை விட்டு ஏறினதும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஈர வேட்டியோ பழைய போர்வையோ சுற்றி நிழலில் வையுங்கள். கால் வழுக்காமல் இருக்கப் போர்டின் மேல் தேய்க்கிற மெழுகு வாங்கும்போது வெப்பக்கடலுக்கானது என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள், மற்றது நம்ம கடலில் வழுக்கிக் கரைந்துபோகும்.

எங்கே கொண்டுபோய் ஓட்டிப் பார்ப்பது? எட்டடிக்கு வேண்டியது படிப்படியாக ஆழம் கூடுகிற மணல் தரை. கரை சட்டென்று சரிந்து, அலை காலடியிலேயே தொப்பென்று விழுகிற இடத்தில் எந்தப் போர்டும் உதவாது, நீளமான போர்டு மண்ணில் குத்தி உடையும். தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் தடுப்பு, இருக்கிற ஊர்களில் ஒரு பக்கம் மணல் சேர்ந்து திட்டாகியிருக்கும், அங்கே அலை கொஞ்சம் ஒழுங்காக, நீளமாக உடையும். கல்லுக்கு நெருக்கமாகப் போக வேண்டாம், கல்லை ஒட்டித்தான் தண்ணீர் வெளியே இழுக்கும். மணப்பாட்டில் முனையைச் சுற்றி வளைந்து வருகிற அலை எட்டடிக்குப் பொருத்தமானது, வலு குறைவு, ஓட்டம் நீளம். கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டி எங்கும் இறங்காதீர்கள். திருச்செந்தூர்க் கோயில் முன்னால் மக்கள் நீராடுகிற இடத்திலும், உவரியில் அந்தோணியார் கோயிலுக்கும் சுயம்புலிங்கசாமி கோயிலுக்கும் கூட்டம் வருகிற நாளிலும் போர்டை எடுக்கவே கூடாது. கழன்று ஓடுகிற எட்டடி போர்டு ஒரு பிள்ளையின் மேல் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் முடிகிற வரை மணலில் உட்கார்ந்திருங்கள், வள்ளம் வருகிற வழியில் நிற்காதீர்கள். ஃபின்னில் வலை சிக்கினால் அவர்களுக்கு ஒரு நாள் பிழைப்பு போகும்.

இப்போது இருக்கிற ஆறடி போர்டை விற்றுவிடாதீர்கள். விலையும் பெரிதாகக் கிடைக்காது. எட்டடியில் அலைக்குக் குறுக்காகத் திரும்பி, நினைத்த பக்கம் ஓட்டி, கடைசியில் நீங்களாக இறங்கி வெளியே வருகிற அளவுக்கு வந்துவிட்டீர்கள் என்றால், சித்திரை வைகாசியில் 14, 15 விநாடி இடைவெளியோடு நெஞ்சளவு அலை வருகிற காலை ஒன்று கட்டாயம் கிடைக்கும். அன்றைக்கு அதை எடுத்துக்கொண்டு போங்கள், அதற்குள் ஃபிஷ் வாங்கலாமா வேண்டாமா என்பதும் உங்களுக்கே தெரிந்திருக்கும். வாங்கப் போகிற எட்டடியின் மட்டக்கட்டை அளவுகளை எழுதி அனுப்புங்கள். மூக்கு, வால், வாலில் இருந்து ஒரு அடி மேலே உள்ள அகலம், இந்த மூன்றும் இருந்தால் போதும், பார்த்துச் சொல்கிறேன்.